வட்டப் பலகையும் ஒற்றை ஆணியும்

வட்டப் பலகையின் நடுவில் ஒரே ஓர் ஆணியை அடித்து நிறுத்திவிட்டு, போர்டு எழுதுபவர் தலையைச் சொறிந்தார்.

"நாலு ஆணி கொண்டுவந்தேன் பாய். இப்ப பாத்தா மூணைக் காணோம்."

செயலாளருக்கு அது பெரிதாகப் படவில்லை. பெயர்ப்பலகை வாசலில் ஏறியதே பெரும்பாடு.

தொழ வருகிறவர்கள் ஆறு மொழிக்காரர்கள். அரபியில் மஸ்ஜித் என்று கிளம்பிய சொல், போன இடமெல்லாம் மசூதி, மெஸ்கித்தா, மொஸ்க் என்றெல்லாம் வேஷம் மாற்றிக்கொண்டிருந்தது. தமிழ்க்காரர்கள் மட்டும் பள்ளிவாசல் என்று தனிக்கொடி பிடித்தார்கள். யார் சொல் மேலே என்பதில் ஐந்து கூட்டங்கள் கைகலப்பு வரை போயின. கடைசியில் செயலாளர்தான், ஆறு சொல்லையும் ஒரு வட்டப் பலகையில் சுற்றி எழுதிவிடலாம் என்றார். வட்டத்துக்கு ஏது மேலும் கீழும்?

உச்சி என்று ஒன்று உண்டு என்பது மறுநாள்தான் உறைத்தது.

மாட்டும்போது உச்சியில் மஸ்ஜித். மறுநாள் காலை மசூதி. அதற்கடுத்த நாள் மெஸ்கித்தா. விடிவதற்குள் யாரோ வந்து திருப்பிவிட்டுப் போகிறார்கள். ஆணி அடித்து இறுக்கலாமென்றால், மற்ற ஐந்து மொழிக்காரர்களும் சட்டையைப் பிடித்தார்கள்.

இன்னொரு கைகலப்பு வந்தால் பதவியே போய்விடும். பத்தாம் நாள் சுத்தியலும் மூன்று ஆணிகளுமாகச் செயலாளர் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். வழக்கமாக அந்நேரம் அவர் போர்வைக்குள் இருப்பார்.

உச்சியில் மொஸ்க். அக்கம்பக்கம் பார்த்தார். அடிப்பதுதான் அடிக்கிறோம் என்று பள்ளிவாசலை மெல்ல மேலே திருப்பினார்.

சுத்தியலை ஓங்கவில்லை, அதற்குள் தொழுகை தொடங்கப் போகிறது என்ற அழைப்பு கேட்டது. வாசல்வரை வந்துவிட்டுத் தொழாமல் திரும்ப முடியுமா? உள்ளே ஓடினார்.

முன்வரிசையில் இடமில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஆறு மொழியும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றது. விடியற்காலைத் தொழுகைக்கு என்னையும் பாங்கு சொல்கிறவரையும் தவிர ஈ காக்கை இல்லை என்று இமாம் வெள்ளிக்கிழமைதோறும் புலம்புவது செயலாளரின் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஒண்டினார். வரிசைகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்த இமாம், அவர் எதிரில் நின்றார்.

"வாங்க பாய், நீங்களும் வந்துட்டீங்களா? அதையெல்லாம் இப்படிக் குடுங்க."

இமாம் சுத்தியலை வாங்கிச் சுவரோரம் வைத்தார். ஆணிகளைத் தன் ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பைக்குள் ஏற்கெனவே கிடந்த ஆணிகள்மேல் இவை விழுந்த சத்தம் கேட்டது.