மிலிட்டரி வீடு

துரைக்கண்ணு துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், மூடிக் கிடந்த அந்த அரிசி ஆலையின் களத்தில் விசில் பறந்தது. "எங்க தெரு மிலிட்டரி! இப்ப பாருங்க கெத்த!" என்று மதில்மேலிருந்து யாரோ கத்தினார்கள். தறியை நிறுத்திவிட்டுப் பாதித் தெரு வேடிக்கை பார்க்க வந்திருந்தது. அவர் மகள் கலையரசிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏற்பாடே அவளுடையதுதான். ஆரணியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ஆலையில் ஒரு வாரமாகச் சின்ன பட்ஜெட் சண்டைப் படம் ஒன்றின் படப்பிடிப்பு நடந்தது. இயக்குநர் உதயா அவளோடு கல்லூரியில் படித்தவன். "ஹீரோ துப்பாக்கிய, செடிக்குத் தண்ணி உடுற பைப்பு மாதிரி புடிக்கிறான். சொல்லிக்குடுக்க மெட்ராஸ்லருந்து ஆள் கூட்டியாற வசதியில்ல. பேஜாரா இருக்கு" என்று அவன் புலம்ப, "எங்கப்பா பதினோரு வருஷம் பட்டாளத்துல இருந்தவரு" என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

துரைக்கண்ணு லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் விட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. என்னை உட்டுடும்மா" என்று இரண்டு நாள் கெஞ்சினார்.

அவர் அப்படித்தான். தபால்காரர்கூட 'மிலிட்டரி வீடு' என்றுதான் விசாரித்து வருவார். அவரோ அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். ஊரிலுள்ள மற்ற முன்னாள் ராணுவத்தினர் மாதம் தவறாமல் மிலிட்டரி கேன்டீன் வரிசையில் நிற்க, இவர் அதற்கான அட்டையைக்கூட வாங்கவில்லை. அந்தத் தன்மானம் கலையரசிக்கு ரொம்பப் பிடிக்கும்.

"ஆறு துப்பாக்கி இருக்கு சார். அஞ்சு வெறும் ஃபைபர். இது ஒண்ணுலதான் கேப் வெடி போட்டா நெசத் துப்பாக்கி மாதிரியே வெடிக்கும்" என்றான் உதயா. "தோள்ல வச்சு ஒரு தடவ சுட்டுக் காட்டுங்க. ஹீரோ பாத்துக் கத்துக்குவாரு."

துரைக்கண்ணு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வியர்வையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். "இன்னொரு நாள் வச்சுக்கலாமே" என்று முணுமுணுத்தார்.

"ஜல்தியா சுடுப்பா! எல்லாரும் பாத்துகினு இருக்காங்க இல்ல?" என்றாள் கலையரசி, கொஞ்சம் அதட்டலாகவே.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை அழுத்தினார்.

புகை விலகியபோது துப்பாக்கி ஓரிடத்தில் கிடந்தது. துரைக்கண்ணு இன்னோரிடத்தில், இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார். உடம்பு வெடவெடத்தது. பேண்ட் நனைந்திருந்தது.

முதலில் சிரித்தது கதாநாயகன். பிறகு மதில்மேல் இருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. செல்போன்கள் உயர்ந்தன.

கலையரசியின் பக்கத்தில் நின்ற வெளியூர் அம்மாள் ஒருத்தி, "யாரும்மா அந்த ஆளு? உங்கூடதான வந்தாரு?" என்று கேட்டாள்.

"தெரியாதுங்க" என்றாள் கலையரசி.

அவள் வாய் மூடுவதற்குள் உதயா ஓடிப்போய்ப் புழுதியில் மண்டியிட்டான். "எவனும் சிரிக்காதீங்க!" என்று கத்தினான். "பார்டர்ல எத்தினி சாவப் பாத்தவரோ! அந்தச் சத்தம் இன்னும் அவர உடல. நாமதான் கூட்டியாந்து அதக் கிளறி உட்டுட்டோம்." துரைக்கண்ணுவின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. மதிலிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரோ ஒருவர் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். கதாநாயகன் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தான். துரைக்கண்ணு மட்டும் கடைசிவரை தலையை நிமிர்த்தவே இல்லை.

கலையரசிக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொண்டால் தேவலை போலிருந்தது. கூடப் படித்தவனுக்குப் புரிந்தது பெற்ற மகளுக்குப் புரியவில்லை. மாட்டேன் என்று கெஞ்சிய மனிதரை இழுத்து வந்ததும் போதாமல், தெரியாது என்று வேறு சொல்லியாயிற்று.

யாரோ கொடுத்த லுங்கியைக் கட்டிக்கொண்டு அவர் அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தார். ஆற்றுப் பாலத்தின் நடுவில் வரும்போது, "நிறுத்தும்மா" என்றார். இறங்கிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றுகொண்டு கீழே மணலையே பார்த்தார்.

கலையரசி அவர் முதுகைப் பார்த்துத்தான் பேசினாள். முகத்தைப் பார்க்கும் துணிச்சல் இல்லை.

"என்னை மன்னிச்சுடுப்பா. ஒரு அம்மா கேட்டப்ப உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். நீ அங்க என்னென்ன கஷ்டம் பட்டியோ, அது புரியாம வெக்கப்பட்டுட்டேன். இப்ப என்னை நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு."

அவர் திரும்பினார். கண் கலங்கிச் சிவந்திருந்தது.

"அந்தப் பையன் என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கினானே, அப்பவே செத்துடலாம்னு இருந்துச்சும்மா."

"ஏம்ப்பா? அவன் மரியாதையாத்தான நடந்துகினான்?"

"கிட்டக்க ஒரு துப்பாக்கி வெடிச்சு நான் கேட்டதே இன்னிக்குத்தான்."

பாலத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போய் மறையும்வரை அவர் காத்திருந்தார்.

"நான் பட்டாளத்துல இல்லம்மா. பட்டாளத்துக்குத் துணி தச்சவன்."