யார் வந்தால் அனுப்பலாம்

"முகாம் 31ந் தேதிதான் முடியுது, இன்னும் ஆறு நாள் இருக்கு. அதுவரைக்கும் பொண்ண அனுப்ப முடியாது."

வார்டன் லட்சுமியம்மாள் சொல்லிவிட்டு, ஹாஸ்டல் கம்பிக் கதவின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே ஜெயமணி நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது. பக்கத்தில் அவள் தம்பி மாரிமுத்து. சலவை வேட்டி, பளிச்சென்று மழித்த முகம். பின்னால் அவர்கள் வந்த வேன்.

"மேடம், எங்கப்பாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குது" என்றான் அவன். "பேத்தி மூஞ்சியப் பாக்கத்தான் உசுரப் புடிச்சிட்டு இருக்காரு. இப்ப கூட்டிட்டுப் போயி சாயங்காலம் கொண்டாந்து விட்டுடறோம்."

"முடியாதுப்பா."

ஓசூர் தாண்டி இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ் அது. மே மாசம் ஹாஸ்டல் காலியாக இருக்கும். அரசுப் பள்ளிகளில் பத்தாவது போகிற பெண் பிள்ளைகளை இருபது நாள் அங்கே தங்க வைத்து, இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுத்தார்கள். ஜெயமணியின் மகள் லாவண்யாவும் அதில் இருந்தாள்.

வாட்ச்மேன் ராமப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், போன வாரம் பாகலூர் பொண்ண காதுகுத்துக்கே அனுப்பி வெச்சீங்க. இது சாவு மேடம்."

"நீ போயி மெயின் கேட்டப் பாரு ராமப்பா."

அவன் போகவில்லை.

சத்தம் கேட்டு லாவண்யா மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா! தாத்தாவுக்கு என்னம்மா?"

ஜெயமணி மகளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"பேசுக்கா. வாயில என்ன வெச்சிருக்க?" மாரிமுத்து அவள் முதுகில் இடித்தான்.

ஜெயமணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பொண்ண எங்கிட்ட குடுக்க மாட்டேங்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளயா? ஒண்ணு பெத்திருந்தாத் தெரியும். பெத்த வயிறு எரியறது உனக்கெங்க தெரியப்போவுது?"

ராமப்பன் தலையைக் குனிந்துகொண்டான். லட்சுமியம்மாளுக்குப் பிள்ளை இல்லை என்று அந்தக் காலேஜில் எல்லோருக்கும் தெரியும்.

லட்சுமியம்மாள் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனது. ஆனால் சாவிக் கொத்து இடுப்பை விட்டு வரவில்லை.

மாரிமுத்து கதவை எட்டி உதைத்தான்.

"பெத்தவ கேக்கறா, நீ யாரு தடுக்கறதுக்கு? பொம்பளயாச்சேன்னு பாக்கறேன்."

"அப்ப ஸ்டேஷனுக்குப் போலாம் வா. போலீஸ் வந்து அனுப்பச் சொன்னா அனுப்பறேன்."

அவன் கதவை விட்டு விலகினான். வாட்சைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"நட. எல்லாம் உன்னால வந்தது. அவள இங்க கொண்டாந்து விட்டவளே நீதான். வூட்டுக்கு வா, வெச்சிக்கறேன்."

வேன் கதவைச் சாத்துவதற்குள் அவன் ஜெயமணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்ததை ராமப்பன் பார்த்தான். வேன் கிருஷ்ணகிரி ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

லாவண்யா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"தாத்தாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, சாவற வரைக்கும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன் மேடம்."

"சரி கண்ணு. போயி சாப்பிடு. இட்லி ஆறிடும்."

அவள் சாப்பிடப் போகவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லட்சுமியம்மாள் ஆபீஸ் ரூமுக்குள் போய் உட்கார்ந்தாள். ராமப்பன் வாசலில் வந்து நின்றான்.

"பன்னெண்டு வருசமா இந்த கேட்ல நிக்கறேன் மேடம். இப்படி ஒரு கல்லு மனசப் பாத்ததில்ல."

அவள் மேஜை மேல் இருந்த நோட்டைப் புரட்டினாள்.

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. நாளைக்கே நான் சாகக் கெடந்தா, இப்படித்தான் ஒருத்தர் பூட்டிட்டு நிப்பாங்களா?" கிளம்பியவன் என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பினான். "ஒண்ணுதான் மேடம் எனக்குப் புரியல. சாவு வூட்டுக்குப் போற வேனுல எதுக்கு அத்தன மல்லிப்பூ?"

லட்சுமியம்மாள் மேஜை டிராயரைத் திறந்தாள். லாவண்யாவைச் சேர்த்த அன்றைக்கு வாங்கிய படிவத்தை எடுத்தாள். அன்றைக்கு ஜெயமணி எல்லோரும் போன பிறகு வந்து, காதோரமாக ஒரு விஷயம் சொன்னாள். 'வாயால சொன்னாப் பத்தாதும்மா, நாளைக்கு எங்கள கேள்வி கேப்பாங்க. எழுதிக் குடு' என்று இவள்தான் பேனாவைக் கொடுத்தாள்.

"படிச்சுப் பாரு" என்று ராமப்பனிடம் நீட்டினாள்.

'யார் வந்தால் அனுப்பலாம்' என்ற இடத்தில், அஞ்சாவதோடு நின்றுபோன கையெழுத்து கோணல் மாணலாக இருந்தது.

'யாரு வந்தாலும் அனுப்ப வேண்டாம். 25ந் தேதி எந்தம்பிக்கு இவளக் கட்டி வைக்க நாள் குறிச்சிட்டாங்க. என்னையும் இதே வயசுல தாய்மாமனுக்குத்தான் குடுத்தாங்க. அன்னைக்கு என்னையே முன்னால விட்டு கேக்கச் சொல்லுவாங்க. நான் அழுதாலும் கதவத் தொறக்காதீங்க. என்ன திட்டுனாலும் மனசுல வெச்சுக்காதீங்க. இப்படிக்கு ஜெயமணி.'