கரையை வெட்டுகிறவன்

உச்சி வெயிலில் கிழவன் கத்பான் கரையை வெட்டுகிறான். சதுப்பை வற்றடிக்க, இப்போது கவிழ்ந்துவிட்ட அரசு எழுப்பிய கரை இது. அன்று துப்பாக்கியோடு இதற்குக் காவல் நின்றவனும் அவன்தான். பிழைக்க வழியில்லாமல் திரும்பி வந்து ஊரில் குடிசை போட இடம் கேட்டான். நீரை மீண்டும் உள்ளே விட ஊர் கூடிய நாள் அது. முதலில் அவனே வெட்டட்டும் என்று ஹஸ்னா சொன்னாள், யாரும் மறுக்கவில்லை. அவளுடைய ஒன்பது எருமைகளும் இந்தக் கரையின் வறண்ட பக்கத்தில்தான் நாக்குத் தள்ளிச் செத்தன. இப்போது அவள் நாணல் கட்டின்மேல் உட்கார்ந்து, அவன் உள்ளங்கையில் உடைகிற கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முப்பது பேர் மண்வெட்டியோடு சும்மா நிற்கிறார்கள்.

"போதும் அக்கா, கிழவன் விழுந்துடுவான். நாங்க வெட்டுறோம்" என்கிறான் பக்கத்து வீட்டு சாஸிப்.

"தண்ணி வரட்டும். அப்புறம் வெட்டுங்க."

மண் கறுத்துக் கசிகிறது. ஒரு கட்டி சரிய, விரல் தடிமனில் நீர் கத்பானின் கால்களுக்கு இடையே ஓடி, வெடித்த தரைக்குள் மறைகிறது. அவன் குனிந்து கை ஏந்துகிறான். ஹஸ்னா எழுந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிடுகிறாள்.

"தரை குடிக்கட்டும். உன் முறை கடைசி."