பிரபுவின் பீப்பாய்

கோட்டை அதிகாரி தன் கையாலேயே ஜாடியைத் தூக்கி, என் மகள் அப்போலோனியாவின் கோப்பையை நிரப்பினார்.

அவள் கல்யாணத்துக்குப் பிரபு அனுப்பிய பரிசாம். பெரிய பீப்பாயிலிருந்தே பிடித்து வந்ததாம்.

பந்தியில் இருந்தவர்கள் வாத்துக்கறியை மெல்வதை நிறுத்தினார்கள். எல்லோருமே திராட்சைத் தோட்டக்காரர்கள்.

எங்கள் பிரபுவுக்கு உலகத்திலேயே பெரிய பீப்பாய் வேண்டும். நூறு ஓக் மரங்களுக்கு மேல் வெட்டி, வீட்டு உயரத்துக்குக் கட்டி, அதன் தலையில் பலகை போட்டு ஆட்டம் வேறு ஆடுகிறார்கள். உள்ளே இருக்கும் லட்சணம் எங்களுக்குத்தான் தெரியும்.

அறுவடைக்கு அறுவடை, பத்தில் ஒரு பங்கு ஒயினை நாங்கள் அதில் ஊற்ற வேண்டும். சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகத்தான் விழும். எது யாருடையது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. பிறகு எவன் நல்லதை ஊற்றுவான்?

வெல்ட்டன் புளித்த காடியை ஊற்றுவான். குன்ஸ் வண்டலில் கிணற்றுத் தண்ணீரைக் கலப்பான். இந்த வருடம் எவனோ ஒரு புண்ணியவான், எலி விழுந்து ஊறிய ஒயினையே கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டானாம். ஊரே சிரித்தது. குடிக்கட்டும் பிரபு, நன்றாகக் குடிக்கட்டும் என்று நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இப்போது அது என் மகளின் உதட்டருகே இருந்தது.

எழுந்து நின்று, பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். "பிரபு குடிக்கிற சரக்காச்சுங்களே ஐயா, எங்களுக்கு எதுக்குங்க?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "பிரபுவா? இதையா? அவருக்கு பிரான்சிலேருந்து தனியா வருது, பெரியவரே. இது காவக்காரனுங்க சம்பளத்துக்கு. உம்ம மாப்பிள்ளை தெனம் வாங்கிட்டுப் போறது இதைத்தானே!"

மாப்பிள்ளை லோரென்ஸ் கோட்டையின் வாசல் காவலன். தலையைக் குனிந்துகொண்டான்.

சம்பளத்தோடு தினம் இரண்டு படி ஒயின் என்று கேட்டுத்தான் நான் பெண்ணையே கொடுத்தேன். எங்கிருந்து வரும் ஒயின் என்று கேட்க எனக்குப் புத்தி இல்லை.

கோப்பையைப் பிடுங்கலாம். பிடுங்கினால் அதிகாரி ஏன் என்று கேட்பார். அத்தோடு ஊர் மானமும் போகும், மாப்பிள்ளையின் வேலையும் போகும். உட்கார்ந்துவிட்டேன்.

அப்போலோனியா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். என் நிலவறையின் முதல் தரத்தைக் குடித்து வளர்ந்தவள். முகம் கோணிப் போயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பழகிடும்பா."

அந்த எலியை வாலைப் பிடித்து வெளியே எறிந்த என் கை, மேசைக்கடியிலேயே கிடந்தது.