ரெண்டு மணிக் கோளாறு

“நீ ரிப்பேருக்கு வர்றது இது நாலாவது தடவை. இன்னைக்கும் கரண்ட் போச்சுன்னா இந்த வாசப்படி ஏறாதே!”

தையல் கூடத்தின் நடுவில் நின்று முதலாளியம்மா கத்தினாள். பன்னிரண்டு மெஷின்களின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது அவள் குரல்.

சோலார் மெக்கானிக் கருவிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தனியாகத் தொழில் தொடங்கி அவள் பொருத்திக் கொடுத்த முதல் பெரிய சோலார் இதுதான்.

“பார்த்தீங்களா சார்? இந்தப் பொண்ணை நம்பி மோசம் போயிட்டேன்.”

ஆர்டர் கொடுத்த கம்பெனியின் மேற்பார்வையாளர் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு மெஷின் நின்றாலும் ஏன் நின்றது என்று நோட்டில் எழுதுகிற மனிதர்.

“தினம் ரெண்டு மணிக்குப் போகுது. இருபது நிமிஷத்துல தானா வருது. விசித்திரமான சோலார்தான்” என்றார்.

தையல்காரப் பெண்கள் யாரும் நிமிரவில்லை. தலையணை உறைகள் மட்டும் வெள்ளை வெள்ளையாக மெஷினிலிருந்து வழிந்துகொண்டிருந்தன.

மெக்கானிக் பேட்டரி அறைக்குப் போனாள். கூரைமேல் காயும் வெயிலை வாங்கி பேட்டரிக்குள் அனுப்புவது கன்ட்ரோலர். லித்தியம் பேட்டரிக்குள்ளேயே ஒரு காவல் சர்க்யூட் உண்டு. இரண்டுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு ஒயர். ‘போதும், நிறுத்து’ என்று பேட்டரி அதன் வழியாகத்தான் சொல்லும். அந்தச் சேதி கேட்காவிட்டால் கன்ட்ரோலர் கரண்டைத் திணித்துக்கொண்டே இருக்கும். காவல் சர்க்யூட் பொறுத்துப் பார்த்துவிட்டு மொத்த கரண்டையும் வெட்டிவிடும்.

ஒயர் சரியாகத்தான் இருந்தது. வந்த மூன்று தடவையும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று தடவையும் அவள் வந்தது, கரண்ட் திரும்பி வந்த பிறகு.

இன்றைக்கு வேறு வழி. ‘எல்லாம் சரியா இருக்கு, கிளம்பறேன்’ என்று வெளியே குரல் கொடுத்துவிட்டு, பேட்டரி அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை நீண்டு வந்து, பழகின லாவகத்தோடு ஒயரைப் பிடுங்கியது.

மெக்கானிக் எழுந்து நின்றாள்.

“அம்மா! நீங்களா?”

முதலாளியம்மா திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்புறம் கதவைச் சாத்தினாள்.

“மெதுவா பேசு தாயே.”

“ஊர் முழுக்க என் பேரைக் கெடுத்துட்டு, மெதுவாப் பேசணுமா?”

“கொஞ்சம் இரு. ரெண்டு மணி ஆகட்டும்.”

கன்ட்ரோலரில் எண் ஏறிக்கொண்டே போனது. டக்கென்று ஒரு சத்தம். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மின்விசிறி இன்னும் ரெண்டு சுற்று சுற்றி, யோசித்து, நின்றது.

முதலாளியம்மா கதவை ஒரு விரற்கடை திறந்து காட்டினாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் நூல் துகள்கள் மிதந்துகொண்டிருந்தன. தலையணை உறைகளின் குவியல்மேல் ஒரு தலை சாய்ந்தது. பிறகு இன்னொன்று. பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி வயிற்றில் கை வைத்தபடி, வாய் லேசாகத் திறந்து, கனவில் யாரிடமோ சிரித்தாள். கூடம் முழுக்க மூச்சுச் சத்தம், தூரத்து அலை மாதிரி.

“நானா அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தா அந்த ஆள் எழுதிடுவார். ஆர்டர் வேற கூடத்துக்குப் போயிடும். இவங்களுக்கு வேலையே இருக்காது. கரண்ட் போனா மட்டும்தான் யாரையும் குத்தம் சொல்ல முடியாது.”

“என்னைச் சொன்னீங்களே!”

“உன்னைத் திட்டாம இருந்தா அவருக்குச் சந்தேகம் வந்திருக்குமேம்மா...” முதலாளியம்மா கதவுப் பிடியில் கை வைத்தாள். “தப்புதான். வா, இப்பவே அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.”

மெக்கானிக் ஒயரைத் திரும்பச் செருகினாள்.

“இனிமே இதைத் தொடாதீங்க. ஒருநாள் கன்ட்ரோலரே புகைஞ்சு போயிடும்” என்று சொல்லிவிட்டு, இன்வர்ட்டரில் நேரம் வைக்கிற பொத்தான்களை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

கரண்ட் வந்தது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. இருவரும் கூடத்துக்குள் வந்ததும் மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார்.

“என்னம்மா, கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா?”

“சார், இந்தப் பொண்ணு மேல தப்பு...” என்று முதலாளியம்மா தொடங்கினாள்.

மெக்கானிக் முந்திக்கொண்டாள்.

“தப்பு என் மேலதான் சார். நான் பொருத்தினதுல கோளாறு. இனி யார் வந்தாலும் சரி பண்ண முடியாது. தினமும் ரெண்டு மணிக்கு அரை மணி நேரம் போகத்தான் செய்யும். என் பேரைப் போட்டே எழுதிக்கோங்க.”