காபி டம்ளரில் இருந்த எச்சில்

அன்புள்ள மலர்க்கொடிக்கு,

என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். உங்களை மணக்கப்போகும் என் அண்ணன் சேந்தன், என் பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

வழக்கப்படி பெண்ணின் எச்சிலில் பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்க்க, என் காலி காபி டம்ளரை அந்த அம்மா தான் கொண்டுவந்த மரபணுக் கருவியில் வைத்தார். "கால்சியம் இருந்தும் உன் தசைநொதி வேலை செய்யலம்மா. தசை தேயுற பரம்பரை வியாதி இது. நாப்பது வயசுல நடக்க முடியாது," என்று சொல்லி எழுந்துவிட்டார்.

எனக்குக் காபி பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே என் பங்கை அண்ணன்தான் குடிப்பான்; அன்றும் அவர்கள் பார்க்காத நேரத்தில் அவன்தான் குடித்தான்.

அவர்கள் போனபின், "அது உன் எச்சில்தானே அண்ணா?" என்று கேட்டேன்.

"என் கல்யாணம் முடியட்டும் பாப்பா. அதுவரைக்கும் உன் பேர்லயே இருக்கட்டும்," என்றான்.

வீட்டுக் கடிதங்களை அவன்தான் தபாலில் சேர்ப்பான். இதை மட்டும் நானே ஒட்டி, நானே பெட்டியில் போடுகிறேன்.

இப்படிக்கு,
நறுமுகை