சுவரைத் தாண்டாத சங்கு

சூசையும் அவன் தங்கை ஜெசிந்தாவும் அபாயச் சங்கு செய்யும் பட்டறையைத் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் செய்வான். அதை ஊதவிட்டு, சத்தம் காதில் விழும் கடைசி இடம் வரை நடந்து தூரத்தைக் குறிப்பது தங்கையின் வேலை. முதல் சங்கு ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. போன வருடம் செய்தது ஐந்து கிலோமீட்டர் போனது.

அமிலத் தொழிற்சாலையின் மேலாளர் கேட்டது வேறு. "சத்தம் எங்க சுவரைத் தாண்டக் கூடாது. வெளிய கேட்டா ஊரே வாசல்ல வந்து நிக்குது."

"விஷப்புகை கசிஞ்சா? அந்தப் பக்கம் இருக்கறவங்க மூச்சு விடறதில்லையா?" என்றாள் ஜெசிந்தா.

"வாயை மூடு" என்று சூசை சின்ன மோட்டாரை மாட்டினான்.

அவனுக்குத் தெரியாமல் அவள் அதைக் கழற்றிப் பெரியதை வைத்தாள்.

தொழிற்சாலையில் சோதனைக்கு ஊதியதும் மேலாளர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். சூசை அத்தனை பேர் முன்னால் அவளைப் பிடித்துத் தள்ளினான். "இனிமே நீ எனக்குத் தங்கச்சியும் இல்ல, பட்டறையில உனக்கு இடமும் இல்ல. போடி வெளிய!"

வெளியே, சுவரை ஒட்டிய குடியிருப்பே தெருவில் நின்றது. புடவைக்கு மேல் அவள் போட்டிருந்த காக்கிச் சட்டையில் பட்டறையின் பெயரைப் பார்த்து, கைக்குழந்தைக்காரி ஒருத்தி காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நீதான் ஊதவிட்டியா? ஊதினா நாங்க எந்தப் பக்கம் ஓடணும்? அதை யாருடி சொல்றது?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. காலர் அந்தப் பெண்ணின் பிடியில் இருக்கும்போதே ஜெசிந்தா சட்டைக்குள்ளிருந்து முந்தானையை உருவி உயரத் தூக்கினாள். காற்று அதை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தாள்.